பதினொரு கட்டுரை மாப்பிள்ளை

மாப்பிள்ளை சுவரை நக்கிப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற மீராசா பயந்துபோய்த் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். மகள் சுல்பிகாவுக்குச் சீதனமாகச் சாய்ந்தமருதில் அவர் கட்டிய புதுவீடு அது. கல்முனைப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடில்லாமல் காவின் எழுதி நிக்காஹ் நடப்பதில்லை. பெண்ணைக் கட்டுகிற மாப்பிள்ளை வந்து குடியிருப்பதும் அந்த வீட்டில்தான். வீடு பிடிக்காவிட்டால் சம்பந்தமும் இல்லை.

வழக்கமாக வீடு பார்க்க மாப்பிள்ளையின் மாமாமார்தான் வருவார்கள். இந்த மாப்பிள்ளை மசூரோ, "சுவரை நானேதான் பாக்கணும்" என்று கொழும்பில் ரயிலேறி, மட்டக்களப்பில் பஸ் மாறி வந்துவிட்டார். ஊருக்கே அது புதினம்.

கூட வந்த மாமா அதாவுல்லாவுக்கு வாய் ஓயவில்லை. "லேசுப்பட்ட புள்ள இல்ல மச்சான்! பதினொரு கட்டுரை எழுதி, லண்டன்லயும் அச்சடிச்சிரிக்கானுகள். பாதி கல்லு, சுண்ணாம்பு, சீமெந்தப் பத்தி. மிச்சம் காட்டுத்தீயப் பத்தி. கல்லோயாக் குடியேற்றத்துக்குக் காடு எரிச்ச இடமெல்லாம் போய், சாம்பலுக்குள்ள நிண்டு எழுதினது."

"அப்ப வீடு கட்டவும் தெரியும், காடு கொளுத்தவும் தெரியும் எண்டு சொல்லுங்க" என்று மீராசா சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன மாரி வெள்ளத்தில் ஆற்று மண் வண்டி வரவில்லை. ஒரு சுவர்தானே என்று மேசன் கடற்கரை மண்ணைக் குழைத்துக் குசினிச் சுவரைக் கட்டிவிட்டான். மேலே வெள்ளை பூசி மறைத்தாலும் உள்ளே இருக்கிற உப்பு சும்மா கிடக்குமா? நாலு மாரி கண்டால் பொலபொலவென்று உதிரும். இவ்வளவு பெரிய வீட்டில் அந்த ஒரு சுவரைத்தான் மனுசன் பின்வளவில் நின்று நக்கிக்கொண்டிருந்தார்!

மசூர் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டைக்குள் பென்சிலை விட்டுச் சுவரின் கனம் பார்த்தார். பென்சிலை எடுத்த பிறகும் குனிந்தபடியே நின்றார். பிறகு அடுத்த ஓட்டைக்குப் போனார்.

"முன்பக்கச் சுவரையும் பாருங்க மகன். அதுதான் நல்ல சோக்கு" என்று மீராசா கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டார்.

"அது கிடக்கட்டும் மாமா" என்றார் மசூர், திரும்பாமலே.

கதையை மாற்றினாலாவது தப்பலாம் என்று மீராசாவுக்குத் தோன்றியது. "அதுசரி மகன், காடு எரிஞ்சா அந்தச் சாம்பல்ல முதல்ல என்ன முளைக்கும்?"

"கறிவேப்பில" என்றார் மசூர்.

அதாவுல்லாவுக்குப் புரையேறிவிட்டது. முதலில் முளைப்பது இலுக்குப்புல் என்பது இறக்காமத்தில் வயல் செய்கிற மீராசாவுக்குத் தெரியாதா? சாம்பலுக்குள் நின்று எழுதியவருக்குத் தெரியவில்லையே!

ஒருவழியாக மசூர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மாஷா அல்லாஹ்! முதல்தரமான சுவர் மாமா. எனக்குப் பூரண சம்மதம்."

வேறு தகப்பன் என்றால் அங்கேயே அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருப்பான். மீராசாவுக்கோ சுருக்கென்று கோபம் ஏறியது. வந்தவர்களை முன்விறாந்தையில் இருத்திவிட்டுக் குசினிக்குள் புகுந்தார். அங்கே சோறு வடித்துக்கொண்டிருந்த மனைவி உம்முவிடம் பொரிந்து தள்ளினார்.

"இந்தக் கலியாணம் வேணாம் புள்ள! நாக்கால நக்கியும் உப்புத் தெரியல்ல. சாம்பல்ல கறிவேப்பில முளைக்குமாம். பதினொரு கட்டுரையும் வேற ஆரோ எழுதிக் குடுத்தது. கள்ளனுக்கு என்ட மகளக் குடுக்க ஏலாது!"

உம்மு தலையில் கை வைத்தாள். "அவர் வேணாம் எண்டிருவாரோ எண்டு நேத்து முழுக்க அழுதீங்க. இண்டைக்கு நீங்க வேணாம் எங்கிறீங்க. புள்ளட வாழ்க்கையோட விளையாடாதீங்க!"

"விளையாட்டா? இப்பவே போய்ச் சொல்லிட்டு வாறன்."

திரும்பியவரின் வழியை மறித்து நின்றாள் சுல்பிகா. காவினுக்கு முன்னால் மாப்பிள்ளையின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, காலையிலிருந்து அறைக்குள் இருக்கச் சொல்லியிருந்த பிள்ளை. வாப்பாவின் முன்னால் அதிர்ந்து கதைத்தறியாதவள்.

"அவரு கள்ளன் இல்ல வாப்பா. அவரு சுவரப் பாக்கவே இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

சுல்பிகா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது.

"ஓட்டைக்கு இந்தப் பக்கம் நிண்டு, கறிவேப்பில போட்டுக் கறி தாளிச்சது நான்தானே!"