பெருவிரல் கறை

அம்பிகாவை வெளியே உட்கார வைத்த பிறகும் இன்னொரு ஷூ திரும்பி வந்தது.

செக்கிங் மேஜையிலிருந்து அதைக் கொண்டுவந்த பெண், லைன் சூப்பர்வைசர் நவநீதனின் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள். குதிகாலுக்கு மேலே அதே கறை. பெருவிரல் அளவு எண்ணெய்ப் பிசுக்கு.

மணல் நிறத் தோல். தொட்டால் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும். பார்க்க லட்சணம், வேலை செய்ய எமன். கறுப்புத் தோலில் எதைப் பூசினாலும் தெரியாது. இதில் எண்ணெய்க் கை பட்டால் தீர்ந்தது. துடைக்கத் துடைக்கப் பரவும்.

உலகத்தில் இத்தனை நிறம் இருக்க, ஆர்டர் கொடுத்த வெள்ளைக்காரனுக்கு மணல் நிறம்தான் வேண்டுமா என்று நவநீதன் ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறான். அது வெள்ளைக்காரன் காதில் விழவில்லை. மேனேஜர் இவனைத் திட்டுவதுதான் லைன் முழுக்கக் கேட்டது.

அவன் செய்து பார்க்காதது இல்லை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னான். சாப்பாட்டுக் கூடைகளை வெளியே வைக்கச் சொன்னான். குழாயடியில் காவல் நின்று ஒவ்வொருவரையும் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தான். அதுவும் போதாதென்று மேஜை மேஜையாகப் போய், தைத்து முடித்த ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பார்க்கப் பார்க்கக் கறை கூடியதே தவிரக் குறையவில்லை.

இன்று காலையில்தான் ஒரு வழி பிறந்த மாதிரி இருந்தது. வாசலில் பைகளைச் சோதித்த வாட்ச்மேன் தேவசகாயம், அம்பிகாவின் பையிலிருந்து ஒரு பழைய டானிக் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். வேப்பெண்ணெய் என்றார், கற்பூரமும் கலந்திருக்கிறது என்றார். பசை நெடியிலேயே ஊறிப்போன நவநீதனின் மூக்குக்கு எதுவும் ஏறாது. அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அம்பிகா மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"இன்னாமா இது?"

"கொசுவுக்குத் தடவுறது சார். தேங்கா எண்ணெல கலந்து நானே செஞ்சது. உள்ள வந்தா தொட மாட்டேன்."

"தொடாததுக்கு எதுக்கு இங்க தூக்கினு வர்ற?"

அவள் வாயைத் திறந்தாள். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அந்த மௌனமே நவநீதனுக்குப் போதுமானதாக இருந்தது. மேனேஜருக்குப் போன் போட்டான். வெளியே உட்கார வை, நாளையிலிருந்து பஸ்ஸில் ஏற்ற வேண்டாம் என்று பதில் வந்தது. பஸ்ஸில் ஏற்ற வேண்டாம் என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. ஒரு வாரத்துக்குப் பிறகு டீ ருசித்தது.

இப்போது இந்த ஷூ.

அவள் உள்ளே காலே வைக்காத நாளில் தைத்த ஷூ. அவள்தான் என்றே ஆகியிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று அவனுக்கு வெட்கமில்லாமல் தோன்றியது. அந்த எரிச்சலோடுதான் வாசலுக்குப் போனான்.

புங்க மரத்தடியில், வாட்ச்மேனின் ஸ்டூலில் அம்பிகா உட்கார்ந்திருந்தாள். சாயங்கால பஸ் வரும்வரை அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அழுது முடித்த முகம்.

"யாருக்குமா கொண்டாந்த? இப்பவாவது சொல்லித் தொலையேன்."

அவள் எழுந்து நின்றாள். தேவசகாயம் கேட்டுக்குப் பக்கத்தில் தள்ளி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்க வூட்டுக்குத்தான் சார். ஹேமாக்கா சந்தைல பாத்தப்ப கேட்டாங்க, போன வாட்டி குடுத்தது தீரப் போவுதாம். எல்லாரும் இருக்கசொல்ல சொன்னா, சூப்பர்வைசர காக்கா புடிக்கிறா பாருன்னுவாங்க. ஒங்களுக்குத்தான் பேஜாரு."

மனைவி ஹேமலதா காலையில் குழந்தைக்கு எதையோ தடவுகிறாள் என்பது நவநீதனுக்குத் தெரியும். அது என்ன, எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்டதில்லை.

"பாப்பாவுக்கு நல்லா கேக்குதாம் சார். கடிச்சி வீங்கினதெல்லாம் அடங்கிடுச்சாம். கை, காலு பூரா தடவித்தான் ஒங்க கைல குடுக்குறாங்களாம். அங்கன்வாடி வர்ற வரைக்கும் ஒங்க தோள வுட்டு எறங்காதாமே." லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். "நாளைக்கு நான் வர மாட்டேன்ல. நீங்களே எடுத்துனு போய்டுங்க."

நவநீதன் வாங்கக் கையை நீட்டினான். வெயிலில் அந்தக் கை மினுமினுத்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரு வாரமாக அது தொட்ட மேஜைகள் ஒவ்வொன்றாக அவன் கண்முன் வந்தன.

"நீ உள்ள போம்மா," என்றான். "போய் உன் மிஷின்ல உக்காரு."

"நீங்க வர்ல சார்?"

அவள் எழுந்த ஸ்டூலில் அவன் உட்கார்ந்தான். உள்ளங்கைகள் மேலே பார்க்கக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அவள் தயங்கித் தயங்கி உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டான்.

"தேவசகாயம்ணா, மேனேஜருக்கு ஒரு போன் போடுங்க. கறை பண்ண ஆளு வெளியதான் உக்காந்துனு இருக்கான்னு சொல்லுங்க."