ஆறு வார ஃப்ளோட்

"இந்த வேலை அஞ்சு வாரம் லேட்டானா என்னம்மா ஆகும்?"

திரையில் இருந்த என் கால அட்டவணையில் ஒரு நீலக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

வாய்மொழித் தேர்வில் இதைவிடச் சுலபமான கேள்வியை யாரும் கேட்க முடியாது. கடைசி பெஞ்சுக்காரனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ரயில்வே பொறியியலும் திட்ட மேலாண்மையும் சேர்ந்த முதுகலைப் படிப்பு. இன்று தேறினால் பட்டம், கோட்டை விட்டால் இன்னும் ஒரு வருடம். வீடு கட்டும் நிறுவனத்தில் ஒன்பது வருடம் பார்த்த வேலையை உதறிவிட்டு, சொந்தக்காரர்கள் வாயிலெல்லாம் விழுந்து, முப்பத்தைந்து வயதில் வந்து சேர்ந்தவள் நான். இன்னொரு வருடம் எனக்குத் தாங்காது. அம்மாவுக்கும் தாங்காது.

என் ஆய்வு, ஒரு ரயில்வே கேட்டை எடுத்துவிட்டு அங்கே சுரங்கப்பாதை கட்டிய திட்டத்தைப் பற்றியது. தண்டவாளத்தின் ஓரமாகப் பெரிய பள்ளம் தோண்டுவார்கள். அதிலேயே கான்கிரீட் பெட்டியை வார்த்து, மேலே ரயில்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கி வைத்து அடியில் தள்ளுவார்கள். கேட்டை மூடிவிட்டதால் ஜனங்கள் நடந்துபோகப் பள்ளத்தை ஒட்டி ஒரு தற்காலிகப் பாதை இருந்தது. அவர் விரல் வைத்திருந்தது, அந்தப் பாதைக்கு விளக்கும் தடுப்புக் கம்பியும் போடுகிற வேலையின் மேல்.

அந்த வேலைக்கு ஆறு வாரம் ஃப்ளோட் இருந்தது.

ஒரு வேலையை எத்தனை நாள் வரை தள்ளிப்போட்டாலும் மொத்தத் திட்டம் முடிகிற தேதி நகராதோ, அத்தனை நாள் அதற்கு ஃப்ளோட்.

முதல் பருவத்தில் இதைப் படித்ததிலிருந்து வகுப்பில் எதற்கெடுத்தாலும் ஃப்ளோட்தான். விடுதிப் பையன்களின் குளியலுக்கு நான்கு நாள் ஃப்ளோட். காதலைச் சொல்ல ஒருவனுக்குக் கடைசிப் பருவம் வரை ஃப்ளோட் இருந்தது. சொல்லாமலே அது தீர்ந்தும் போனது. "அக்கா, உங்க கல்யாணத்துக்கு ஃப்ளோட் எல்லாம் காலி" என்று முகத்துக்கு நேராகவே கிண்டல் அடிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த வார்த்தைக்குச் சிரிக்கப் பழகுவதற்கே எனக்கு ஒரு பருவம் பிடித்தது.

தேர்வாளர் நல்ல மனிதர். அந்தச் சுரங்கப்பாதைக்கு அட்டவணை போட்டவரே அவர்தான். நான் அந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டதால் என் வழிகாட்டிப் பேராசிரியர் அவரையே அழைத்துவிட்டார். தலைமை அலுவலகத்தை விட்டு நகர்ந்ததில்லை, இடத்தைப் பார்த்ததே திறப்பு விழா அன்றைக்குத்தான் என்று அவரே சொல்லிச் சிரித்தார். வந்ததும் வராததுமாக, "சாப்டீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் ஒரு கடுவன்பூனையை எதிர்பார்த்துப் போயிருந்தேன். எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லித் தொலையேன் என்று அவர் முகம் கெஞ்சியது.

பதில் தெரியாமல் இல்லை. இரண்டு வருடமாக இந்த ஒரு கோட்டைத்தான் குடைந்துகொண்டிருந்தேன். அந்த வேலையிலிருந்து வேறு எந்த வேலைக்கும் அம்புக்குறி போகவில்லை. விளக்கு இல்லாமலே பெட்டியைத் தள்ளலாம், ரயிலை விடலாம், ரிப்பன் வெட்டலாம். எங்கேயாவது ஒரு கூட்டல் பிழையாவது அகப்படாதா என்று தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். எத்தனை முறை போட்டாலும் கணக்குச் சரியாகவே வந்தது. சரியாக வரும்போதெல்லாம் விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன்.

"ஒண்ணும் ஆகாது சார்" என்றேன்.

"அவ்ளோதாம்மா. இதுக்கா இவ்ளோ யோசிச்சீங்க?"

அவருக்கு ஒரே சந்தோஷம். விளக்குப் போட வந்த ஆட்களைப் பள்ளத்து வேலைக்கு மாற்றிவிட்டதால்தான் எல்லாம் சொன்ன தேதிக்கு முடிந்தது என்று பேராசிரியருக்கு விளக்கினார். இரண்டு பேரும் மதிப்பெண் போட்டார்கள். குறைப்பதற்கு ஒன்றுமே இல்லையாம்.

கிளம்பும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நல்லா வீடு கட்டிக்கிட்டு இருந்தீங்க. ரயில்வே பக்கம் எப்படி வந்தீங்க?"

"ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுக்கணும்னு வந்தேன் சார்."

நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது வகுப்பில் இல்லை. மழை கொட்டிய ஒரு சாயங்காலம், இருட்டிக் கிடந்த அந்தத் தற்காலிகப் பாதை வழியாக என் தம்பி வேலையிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். பள்ளத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

அடுத்த வாரம் அம்மாவும் நானும் சுரங்கப்பாதை வேலை நடந்த இடத்திலிருந்த அலுவலகத்துக்குப் போனோம். விளக்குப் போட ஏன் இவ்வளவு தாமதம் என்று அம்மா கேட்டாள். அங்கே உட்கார்ந்திருந்தவர், பாவம், பக்குவமாகத்தான் சொன்னார்.

"அதை லேட்டுன்னே சொல்ல முடியாதும்மா. ஃப்ளோட்லதான் இருந்துச்சு."

அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"ஆமாங்க. நாங்க போய்ப் பாக்குறப்போ மிதந்துக்கிட்டுதான் இருந்தான்."