குறையாத இருப்பு

"மூண்டு மாச மருந்தை ரெண்டு மாசத்திலை முடிச்சுப்போட்டு நிக்கிறீர். உமக்கு வெக்கமா இல்லையோ?"

வவுனியாவிலிருந்து மேற்பார்வைக்கு வந்த இன்ஸ்பெக்டர் சிற்றம்பலம், வெளியே நின்ற சனத்துக்கும் கேட்கட்டும் என்றுதான் இப்படிக் கேட்டார். குடியேற்றத் திட்டத்து டிஸ்பென்சரி வாசலில், கலவை மருந்து வாங்க வெறும் போத்தலும் கையுமாகப் பெரிய வரிசை நின்றது.

மருந்து கொடுக்கும் இளையதம்பிக்கு வெட்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"காய்ச்சல் காலத்திலை காய்ச்சல் மருந்து முடியாமல், பல்லுக்கொதி மருந்தே ஐயா முடியும்?"

இன்ஸ்பெக்டர் மருந்து இறாக்கையைத் தட்டுத் தட்டாகப் பார்த்தார். நஞ்சு மருந்தெல்லாம் மேல் தட்டில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினாக் குளிசை நடுத் தட்டில், கைக்கெட்டின இடத்தில். ஒருவர் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்க, மருந்தைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது இளையதம்பியின் கட்சி. அந்த நடுத் தட்டில்தான் இப்போது ஒரேயொரு போத்தல் இருந்தது. அதுவும் அடிமட்டம்.

இன்ஸ்பெக்டர் அதைக் கொட்டி எண்ணி, கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒரு குளிசைகூடப் பிசகவில்லை. பிசகியிருந்தால் மனிதருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

"கணக்குச் சரி. இருப்புத்தான் இல்லை. வெள்ளெருக்கங்குளத்து டிஸ்பென்சரியைப் போய்ப் பாரும். நேற்றுத்தான் பாத்தனான். அப்புத்துரையின்ரை இறாக்கை கோயில் மாதிரி. போத்தலெல்லாம் ஒரே வரிசை, ஒரு தூசி இல்லை. போன முறை அனுப்பின கொயினா இன்னும் கழுத்துமட்டும் நிக்குது. அதுவும் காய்ச்சல் ஊர்தானே?"

"அவர் எப்பிடிச் சமாளிக்கிறாரோ, எனக்குத் தெரியாது ஐயா."

"சிக்கனம் காணும், சிக்கனம். அடுத்த முறை உமக்குப் பாதி மருந்துதான். மற்றப் பாதி அப்புத்துரைக்குப் போகும். வைச்சுக் காப்பாத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் மருந்து."

இளையதம்பி அடிமட்டமாய் நின்ற போத்தலைப் பார்த்தார். பாதி மருந்து எந்த மூலைக்குக் காணும்? வாய்க்கால் கரையில் குடில் போட்டிருக்கிற சனம், நெல் அறுக்கிற நேரத்தில் பாயும் தலையணையுமாகக் கிடக்கும். காடு வெட்டி வயலாக்கின சனம் அது. நினைக்க நினைக்க அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

"உங்கடை பேனை, எழுதுங்கோ. ஆனால் கையிலை மருந்து இருக்குமட்டும், கேட்டு வந்த ஆளுக்கு இல்லையெண்டு என்ரை வாயாலை சொல்லமாட்டன்."

"வெளியூர்ச் சனத்துக்கும் அள்ளிக் குடுக்கிறீராமே?"

"காய்ச்சல் காவுற நுளம்பு வாய்க்காலைக் கடக்கிறதுக்கு ஆரிட்டையும் கேக்கிறதில்லை ஐயா."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. விறுவிறென்று வாசலுக்குப் போனார்.

"இந்தக் குடியேற்றத்து ஆக்கள் மாத்திரம் நில்லுங்கோ. மற்றவை தங்கடை தங்கடை டிஸ்பென்சரிக்குப் போகலாம்."

யாரும் அசையவில்லை. பிறகு, வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெண் மட்டும் விலகி வந்தாள். திரும்பிப் போகிறாளாக்கும் என்று பார்த்தால், நேரே மருந்து மேசையடிக்கு வந்து நின்றாள். தோளில் ஒரு குழந்தை துவண்டு கிடந்தது.

"நான் வெளியூர்தான். பிள்ளைக்கு ராமுழுக்க நடுக்கம்."

இளையதம்பி குழந்தையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். நெருப்பாய்ச் சுட்டது. மறுபேச்சில்லாமல் போத்தலை எடுத்தார்.

"குடுத்தீரெண்டால் அதையும் எழுதுவன். இடமாத்தம் வரும்."

"வடிவா எழுதுங்கோ. தகப்பன்ரை பேரையும் சேர்த்துப் போடுங்கோ ஐயா. இளையதம்பிமார் கனபேர் இருக்கினம், வேறை ஒருத்தனைத் தூக்கிப் போடுவினம்."

குளிசையை எண்ணிக் காகிதத்தில் மடித்தார். அரைக் குளிசையாகப் பொடி செய்து தேனில் குழைத்துக் கொடுக்கும்படி சொன்னார். கொடுத்ததை உடனேயே இருப்பில் கழித்தும் எழுதினார்.

இன்ஸ்பெக்டரின் கோபம் இப்போது அந்தப் பெண்ணின் மேல் திரும்பியது.

"உனக்கு எந்த ஊர்?"

"வெள்ளெருக்கங்குளம்."

"பாத்தீரே இளையதம்பி? அங்கை மருந்து குவிஞ்சு கிடக்கு. இவை இஞ்சை வந்து உம்மை மொட்டையடிக்கினம். ஏன் பிள்ளை, உங்கடை ஊரிலை கேக்கிறதுக்கென்ன?"

"கேட்டனான் ஐயா. இருப்புக் குறைஞ்சால் பேர் கெட்டுப்போமெண்டு, அங்கை ஒருத்தருக்கும் குடுக்கிறதில்லை. ஊர்ச் சனம் முழுக்க இஞ்சைதான் நடக்குது. நேற்றுப் பின்னேரமும் கெஞ்சிப் பாத்தனான். பெரியவர் இப்பதான் மெச்சிப்போட்டுப் போறார், இனி மூடி திறக்கேலாது எண்டிட்டார்."

"சும்மா வாய்க்கு வந்தபடி கதைக்காதை. அப்புத்துரையைப் பற்றி உனக்கென்ன தெரியும்?"

அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். குரலில் பயமும் இல்லை, பணிவும் இல்லை.

"நேற்று அவரின்ரை வீட்டிலை கோழிக்கறியோடை சாப்பிட்டியளே ஐயா, அது நான் சமைச்சது. நான் குசினியை விட்டு வெளியிலை வரேல்லை, அதுதான் உங்களுக்கு என்னைத் தெரியேல்லை. இது அவரின்ரை பிள்ளைதான்."