நின்றுபோன லிஃப்ட்டில் ஓர் ஆட்டம்

“ஐயையோ, நின்னுபோச்சே! எனக்குப் படபடன்னு வருதும்மா!” என்று அலறிய மாமியார், மருமகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றிருந்தது. அவசரப் பொத்தானை அழுத்தியதும் காவலாளியின் குரல் மட்டும் வந்தது. “மெக்கானிக் கிளம்பிட்டாருங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

மருமகளுக்கு உள்ளங்கை வியர்த்தது. மூடிய இடம் என்றாலே அவளுக்கு மூச்சு முட்டும். எட்டாவது மாடியில் இருக்கும் வீட்டுக்கு அன்றாடம் படியேறித்தான் போவாள். யாராவது கேட்டால் உடற்பயிற்சி என்பாள். இன்று முழங்கால் வலியோடு இருக்கும் மாமியாரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நேற்றுதான் முதல்முறையாகத் தங்க வந்திருக்கிறார். அவர் முன்னால் கத்திவிட்டால் மானம் கப்பலேறிவிடும்!

“பயப்படாதீங்கத்தே... ஒண்ணும் ஆகாது” என்றாள். குரல்தான் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

“உன் போன்ல ஏதோ பழத்தை உருட்டுவியே, அதையாவது காட்டேன். மனசு கொஞ்சம் அந்தப் பக்கம் போகட்டும்.”

மாமியார் பிடித்திருந்த கையிலேயே போனை வைத்துக்கொண்டு விளையாட்டைத் திறந்தாள். “பக்கத்துப் பழத்தோட இடத்தை மாத்தணும் அத்தே. ஒரே பழம் மூணு வரிசையா வந்தா வெடிக்கும். அவ்வளவுதான்.”

மாமியார் விரலை வைத்தார். ஒன்றும் வெடிக்கவில்லை.

“ஐயோ, அந்தத் திராட்சையைத் தள்ளியிருக்கலாமே!”

“எந்தத் திராட்சை?”

“இதோ, உங்க மூக்குக்கு நேரா!”

“ஓ... இதுதான் திராட்சையா? நான் கத்தரிக்காய்னு நெனச்சேன்.”

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் ஆட்டம் தோல்வி. அடுத்ததும் தோல்வி. ஒரு வரிசையையே அழிக்கும் வெடிகுண்டை மாமியார் மூலையில் போட்டு வீணடித்தார். இப்படி ஒரு மக்கு மாணவியை யாரும் கண்டிருக்க முடியாது. மருமகளுக்குப் பொறுக்கவில்லை. “நான் சொல்றபடி ஆடுங்க. இடது பக்கம்... அட, அது வலது பக்கம் அத்தே!” என்று விளையாட்டுக்குள் தலையைக் கொடுத்துவிட்டாள். நாலு பக்கச் சுவரும் எங்கே போயிற்றோ, அவளுக்குத் தெரியாது.

கதவு திறந்தது கூடத் தெரியவில்லை.

“வெளியே வாங்கம்மா” என்றார் மெக்கானிக்.

“ஒரு நிமிஷம் அண்ணே, இன்னும் ஒரே ஒரு ஆரஞ்சு!” என்றாள், தலை நிமிராமல்.

வெளியே கணவன் பதறிப்போய் நின்றிருந்தான். “அத்தைதான் ரொம்பப் பயந்துட்டாங்க. பழ விளையாட்டைச் சொல்லிக் குடுத்து நான்தான் சமாளிச்சேன்” என்றாள் பெருமையாக.

“அம்மாவுக்கா? நீயா?” அவன் வாய்விட்டுச் சிரித்தான். “அதுல ஆயிரமாவது கட்டத்தையே தாண்டினவங்க அவங்க! எங்க சொந்தத்துல யார் எந்தக் கட்டத்துல மாட்டிக்கிட்டாலும் அம்மாகிட்டதான் போனைக் குடுப்பாங்க.”

மருமகள் திகைத்துப்போய்த் திரும்பினாள். மாமியார் அப்போதுதான் அவள் மணிக்கட்டை விட்டார்.

“உன் கையில அந்தப் படபடப்பு அடங்குற வரைக்கும் தோத்துக்கிட்டே இருக்கணுமேன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்மா!”