நட்சத்திரம் போடாத ஃபைல்

"ரூமுக்குள்ள யாரு யாருலே இருக்கீய?" போனில் கத்தினார் முதலாளி தேவதாசன்.

"நான், கெசியா மேடம். இன்னொரு போன்ல ஃபயர்வால் கம்பெனி கணேஷ்ராம். அவ்வளவுதான் அண்ணாச்சி" என்றான் கிருபைராஜ்.

"மூணு பேரு சேந்து ஒரு பெட்டியச் சரிபண்ண முடியல. ஏலே கிருபை, போன மாசமும் இதே கூத்து. மத்தியானத்துக்குள்ள உடன்குடியில பில் வரலேன்னா, நீ வேற எடம் பாத்துக்கிடு."

போனை வைத்துவிட்டார்.

காலையில் கிருபைராஜ் நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வால் பெட்டியில் ஏதோ மாற்றப்போய், பாளையங்கோட்டை அலுவலகத்தையும் உடன்குடி கருப்பட்டிக் கிடங்கையும் இணைக்கும் விபிஎன் அறுந்துவிட்டது. பில் இல்லாமல் லாரிகள் நின்றன. இந்த ஊரில் ஃபயர்வால் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் வேலைகள் கொஞ்சம். இதை விட்டால் அவனுக்கு வேறில்லை.

கணேஷ்ராமின் நம்பரைத் தந்தது கெசியா. முதலாளியின் மகள், அலுவலக மேலாளர்.

"ரெண்டு ஊரு பெட்டியோட செட்டிங் இருக்க கான்ஃபிக் ஃபைலும் அனுப்புங்கண்ணே" என்றான் ஸ்பீக்கரில் கணேஷ்ராம்.

"சென்னையில இருந்து பேசுதீய, பேச்சு நம்ம ஊரு மாதிரில்லா இருக்கு?"

"அம்பைக்காரன்தாம்ணே. ஃபைலு?"

கிருபைராஜ் தேடினான். 'புதுசு', 'புதுசு கடைசி', 'இதுதான் கடைசி' என்று பெயர் வைத்திருந்தான். ஒருவழியாகக் கண்டுபிடித்து, பாஸ்வேர்ட் இருந்த இடமெல்லாம் நட்சத்திரம் போட்டு மறைத்து அனுப்பினான்.

"என்னண்ணே, ஒரே நட்சத்திரமா இருக்கு! இத வச்சு நான் என்னத்தப் பாக்க?"

"பாஸ்வேர்ட வெளியாளுக்குக் குடுக்கக் கூடாதுல்லா?"

"தப்பே அதுல இருந்தா?"

கெசியா கடிகாரத்தைப் பார்த்தாள். "முழுசா அனுப்புங்க கிருபை. நான் பொறுப்பு."

நட்சத்திரங்களை எடுத்துவிட்டு அனுப்பினான்.

"உவரி கிளையோடதும் அனுப்புங்க" என்றான் கணேஷ்ராம்.

"உவரி நல்லாத்தான ஓடுது?"

"ஒத்துப் பாக்கணும்லா?"

அதுவும் போனது. கிருபைராஜ் நகத்தைக் கடித்தான்.

"அண்ணே, உடன்குடி பெட்டியில உவரி ஃபைல ஏத்தி வச்சிருக்கீய."

கிருபைராஜுக்கு முகம் சுண்டிப்போனது. கெசியாவைப் பார்க்காமலே உடன்குடியின் பழைய ஃபைலை எடுத்து அனுப்பினான். கணேஷ்ராம் அங்கிருந்தே ஏற்றினான். திரையில் சிவப்புக் குறி பச்சையானது. உடன்குடிக் கிடங்கில் பில் போடும் முத்துராணி போன் செய்தாள். "பில்லு வருது சார்!"

"தப்பிச்சேன் மேடம்" என்றான் கிருபைராஜ்.

திரை மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்டது. போட்டான். ஏற்கவில்லை.

"கணேஷ், பாஸ்வேர்ட மாத்திட்டியளா?"

"ஆமாண்ணே. வெளிய குடுத்த பாஸ்வேர்ட உடனே மாத்தணும்லா?"

"அதுவுஞ் சரிதான். புதுசு என்ன?"

"அத அப்புறம் வாங்கிக்கிடலாம் கிருபை" என்றாள் கெசியா. "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க. கீழ போயி டீ குடிச்சிட்டு வாங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

இப்படி ஒரு மேலாளர் வாய்க்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினான். எதிரே ஒருவன் தோளில் லேப்டாப் பையும் காதில் போனுமாக ஏறி வந்தான்.

"எல்லா ஃபைலும் வந்துட்டு மேடம். மேல வரட்டா?"

அந்தக் குரல். கிருபைராஜ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"கணேஷா?"

"கொஞ்சம் வழி விடுங்கண்ணே."

மேலே கதவைத் திறந்த கெசியா, கிருபைராஜின் சாப்பாட்டுப் பையை வாசலுக்கு வெளியே வைத்தாள். "ஜன்னல் பக்கத்து கிருபை சீட்டு இனி உங்களுக்கு" என்று கணேஷ்ராமை உள்ளே விட்டு, கதவைச் சாத்திப் பூட்டினாள்.