அடுத்த ஸ்டாப்புல ஏறு

எங்கள் எட்டு மணி பஸ் டிரைவர் மாதிரி ஒரு கல்நெஞ்சக்காரனை நான் பார்த்ததே இல்லை.

புறப்படுகிற இடத்தில் தினமும் ஒரு மனிதர் ஏற வருவார். ஐம்பது வயதிருக்கும். ஆள் மெலிந்து, சட்டை ஹேங்கரில் தொங்குகிற மாதிரி இருக்கும். படியில் கால் வைக்கப் போகும்போது டிரைவர் கதவை மூடிவிடுவார்.

"அடுத்த ஸ்டாப்புல ஏறு."

இத்தனைக்கும் பஸ் புறப்பட இன்னும் கால் மணி நேரம் இருக்கும். அந்த மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடப்பார். அடுத்த ஸ்டாப்பில் வியர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்க ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவார்.

நுரையீரல் கேன்சராம், ஆபரேஷன் ஆனவராம். பக்கத்து சீட் பாங்க் அம்மா விசாரித்துச் சொன்னார்.

இரண்டாவது வாரம் அவரை இரண்டாவது ஸ்டாப் வரை நடக்கவிட்டார் டிரைவர். மூன்றாவது வாரம் மூன்றாவது ஸ்டாப். ஒரு நாள் தூறல். இன்னிக்கு மட்டும் ஏத்திக்கப்பா என்று அவர் கெஞ்சியே விட்டார். டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு குடையை நீட்டினார். கதவைத் திறக்கவில்லை. என்ன ஒரு தாராள மனசு பாருங்கள்.

பாங்க் அம்மா அன்றைக்கே டிப்போவுக்குப் புகார் எழுதினார். முதல் கையெழுத்து என்னுடையதுதான். பஸ்ஸில் ஒருத்தர் பாக்கியில்லாமல் போட்டோம்.

மறுநாள் மூன்றாவது ஸ்டாப்பில் அவர் ஏறியதும், பாங்க் அம்மா பெருமையாகப் புகாரை எடுத்துக் காட்டினார். படித்துப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"அம்மா, தயவுசெஞ்சு இதைக் குடுத்துடாதீங்க."

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. அவர் கண்டக்டராம். வேறொரு ரூட்டில் இதே டிரைவரோடு பதினோரு வருஷம் ஓடியவர். வலப்பக்கத்து நுரையீரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். வீட்டிலோ மனைவியும் மகளும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க விடுவதில்லை. அவருக்கும் பயம். கொஞ்சம் மூச்சு வாங்கினாலே உட்கார்ந்துவிடுவார்.

"இவன்தான் டாக்டரையே போய்ப் பாத்து, வாரா வாரம் எவ்வளவு தூரம் கூட்டலாம்னு கேட்டுட்டு வந்தான். திங்கக்கிழமை எனக்கு டிப்போவுல டெஸ்ட். நிக்காம மூணு மாடி ஏறணும். ஏறிட்டா மறுபடி பஸ்ஸு. இல்லேன்னா ஆயுசுக்கும் ஒரு மூலையில நாற்காலி. இந்த நேரத்துல இவனை வேற ரூட்டுக்கு மாத்திட்டா, என்னை யாரும்மா நடக்க வைப்பா?"

எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. பாங்க் அம்மா புகாரை நாலாக மடித்துக் கைப்பையில் திணித்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. டிரைவர் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரிதான். அதுக்காக மனுஷனை இப்படியா மூச்சு முட்ட விடறது? கொஞ்சமாவது இரக்கம் வேண்டாம்?"

அதானே என்று நாங்கள் நாலைந்து பேர் தலையாட்டினோம்.

சிக்னலில் பஸ் நின்றது. இத்தனை நாளில் முதல் தடவையாக டிரைவர் திரும்பி, உட்கார்ந்திருந்த எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"நடக்க வெச்சது நான்தாம்மா. மூணு வாரமா, ஏறினப்புறம் அவனை நிக்க வெச்சது யாரு?"