லண்டன் ஆராய்ச்சி

லண்டனில் ஆராய்ச்சி முடித்துத் திரும்பிய டாக்டர் மரியரட்ணத்துக்குப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமே மாலை போட்டது. என்ன ஆராய்ச்சி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கொழுந்து பறிக்கும் றோசலின் அவரிடம் மருந்துக்குப் போனாள். அவளுடைய கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"வெயில்ல நின்னா முகம் எரியுதுங்க. முடி கொட்டுது, மூட்டெல்லாம் வீங்குது."

"வேலைக்குக் கள்ளமா? மலைக்குக் கொழுந்தெடுக்கப் போ, எல்லாம் சரியாகும்."

லீவுத் துண்டு கிடைக்கவில்லை. வெயிலிலேயே கொழுந்தெடுத்தவள், ஒருநாள் கூடையோடு சுருண்டு விழுந்தாள். புருஷன் இக்னேசியஸ் அவளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டி, எப்படியோ உயிரோடு கூட்டி வந்தான்.

வந்ததும் நேரே டாக்டரிடம் போனான்.

"அவளுக்குக் கள்ளம் இல்லீங்க. லூபஸாம். உடம்புக்குக் காவல் நிக்கிற வெள்ளை அணுவே உடம்பைத் தாக்குதாம்."

டாக்டர் துள்ளி எழுந்தார்.

"லூபஸா! லண்டன்ல நான் ஆராய்ச்சி பண்ணினதே அதைத்தானப்பா! எந்த வெள்ளை அணு எப்படித் தாக்குதுன்னு ஒவ்வொண்ணா பார்த்தேன். முடி கொட்டுறது, மூட்டு வீங்குறது, கிட்னி கெடுறது, எல்லாத்தையும் இந்தக் கண்ணால பார்த்திருக்கேன்!"

இக்னேசியஸ் மேசைக்கு அருகே வந்தான்.

"அப்புறம் ஏங்க றோசலினைப் பார்த்தப்ப தெரியல?"

டாக்டருக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

"நான் படிச்சது எலிகளைப் பத்திப்பா. அவ மனுசியா வந்து நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"